வெள்ளிக்கிழமை மாலையில் சிரிப்பவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

மென்பொருள் துறையினர் தங்கள் துறைச் செய்திகளைக் கேட்டு ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு, அதே வீட்டுக் கவலையோடு வேறு பலரும் எழுதியிருக்கிறார்கள். பதினான்கு ஆண்டுகள் நிரல் எழுதிப் பிழைத்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

2024 ஜூலையில் உலகமெங்கும் கணினிகள் முடங்கி விமானங்கள் நின்ற அன்று, பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தொலைக்காட்சியில் பயணிகள் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். இவனோ கைப்பேசியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். அடுத்தவர் அவதியில் சிரிப்பது எந்த ஊர்ப் பண்பு?
*– ஒரு தாய், ஓசூர்*

உங்கள் மகன் பயணிகளைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார் என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அன்று நானும் சிரித்தேன்.

அது ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் கணினிகளுக்குள் காவல் இருக்கும் தன் மென்பொருளுக்கு நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. மென்பொருளின் கையில் இருந்தவை 20 தகவல்கள். புதிய கோப்போ 21ஆவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தில் கையை விட்டுத் துழாவியதில் இயங்குதளமே விழுந்து, திரை நீலமாயிற்று. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றாலும், அதற்குள் அதை வாங்கிக்கொண்டுவிட்ட கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம், எழும்போதே விழுந்துகொண்டிருந்ததால் திருத்தத்தை வாங்கும் நிலையில் அவை இல்லை. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் போய் உட்கார்ந்து, அதை சேஃப் மோடில் தொடங்கி, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

சிரிப்பு தொடங்கியது இங்கேதான். தன் மேகக் கணினிகளை வாடகைக்கு எடுத்திருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனைகளில் ஒன்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், 15 முறை வரைகூடத் தேவைப்படலாம் என்பது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்பதற்காகவே காலங்காலமாகக் கேலிக்கு ஆளாகிவந்த கணினிப் பராமரிப்பு ஊழியருக்கு, அவருடைய கைவைத்தியமே உலகத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து மருந்துச் சீட்டாக வந்தால் எப்படி இருக்கும்? நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ்களின் படங்களும் அன்று மாலைக்குள் எல்லார் கைப்பேசியிலும் இருந்தன. சில நாள் கழித்து கிரவுட்ஸ்ட்ரைக், மீட்புப் பணியில் அல்லாடிய தன் கூட்டாளி நிறுவனத்தாருக்கு வருத்தம் தெரிவித்து ஊபர் ஈட்ஸில் 10 டாலருக்குச் சாப்பிடக் கூப்பன் அனுப்ப, ஒரே கூப்பனை இத்தனை பேர் பயன்படுத்துகிறார்களே என்று சந்தேகப்பட்ட ஊபர் அதை மோசடி என்று முடக்கிவிட்டது. இதைக் கற்பனைக் கதையாக எழுதிக் கொடுத்திருந்தால் எங்கள் ஆசிரியர் “மிகை” என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு, அம்மா. எழவு வீட்டுத் திண்ணையில் இரவு முழுக்கக் கண்விழித்திருப்பவர்கள்தான் பழைய கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். துக்கம் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர் சிரிப்பதில்லை. உங்கள் மகன் அன்று கண்விழிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

‘வெள்ளிக்கிழமை ரிலீஸ் கூடாது’ என்பது என் மருமகன் அடிக்கடி சொல்லும் வாசகம். வெள்ளி நல்ல நாள்தானே?
*– வங்கி ஊழியர், நாமக்கல்*

நமக்கு நல்ல நாள்தான். நிரலாளருக்கோ, வெள்ளி மாலை எதையாவது ப்ரொடக்ஷனில் ஏற்றினால், அதாவது பொதுமக்கள் பயன்படுத்தும் இடத்தில் வைத்தால், அது படுத்துக்கொள்வது சனிக்கிழமை காலையில். எழுப்பப் போக வேண்டியவர் அவரே. வாஸ்து, ராகு காலம் எதையும் நம்பாதவர்கள்கூட இந்த ஒன்றைக் கடைப்பிடிப்பார்கள்.

ஒருமுறை அமெரிக்க அரசாங்கமே இதை மீறியது. 2025 செப்டம்பர் 19ஆம் தேதி, அதுவும் வெள்ளிக்கிழமை, எச்-1பி விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையிட்டார். யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாக இல்லாததால், சான் பிரான்சிஸ்கோவில் புறப்படவிருந்த விமானத்திலிருந்து பயணிகள் இறங்கி ஓடினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது, புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமே என்ற விளக்கம் சனிக்கிழமை வந்தது. சோதித்துப் பார்க்காமல் வெள்ளியன்று வெளியீடு, சனியன்று ஹாட்ஃபிக்ஸ் என்னும் அவசரத் திருத்தம்: எங்கள் அகராதியில் இதற்கு வேறு பெயர் இல்லை.

எது பழுதானாலும் ‘டிஎன்எஸ்தான் காரணம்’ என்று எங்கள் ஆய்வகத்தில் சிரிக்கிறார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?
*– கணினி அறிவியல் மாணவி, கோவை*

டிஎன்எஸ் என்பது இணையத்தின் முகவரிப் புத்தகம், தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் எண்ணைச் சொல்வது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பழுது பார்ப்பவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அதைத் திறந்து பார்ப்பார். இதை வைத்தே ஆங்கிலத்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய மூன்றடி ஹைக்கூ ஒன்று உண்டு. நம் மொழியில் சொன்னால்: டிஎன்எஸ் இல்லை, டிஎன்எஸ்ஸாக இருக்கவே முடியாது, டிஎன்எஸ்தான். சர்வர் அறைச் சுவர்களில் அதை அச்சிட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2025 தீபாவளி உங்களுக்கு நினைவிருக்கும். அக்டோபர் 20, திங்கட்கிழமை, பகல் 12 மணி கடந்து சில நிமிடங்கள். நம் ஊரில் எண்ணெய்க் குளியலும் இட்லியும் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரம். அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் கணினி மையங்களில் டைனமோடிபி என்னும் தரவுத்தளச் சேவைக்கான முகவரி காணாமல் போயிற்று. முகவரிகளைப் புதுப்பிக்கும் தானியங்கிகளில் இரண்டு தனித்தனியே வேலை செய்துகொண்டிருந்தன. தாமதமாக நகர்ந்த ஒன்று பழைய பட்டியலைப் புதியதன் மேல் எழுதிவிட, அதே நேரத்தில் மற்றொன்று “இது பழைய பட்டியலாயிற்றே” என்று அதைத் துடைத்துப் போட்டுவிட்டது. இரண்டுமே தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன. மிஞ்சியது வெற்றுப் பக்கம். அதை நம்பியிருந்த செயலிகள் வரிசையாக விழுந்தன. இணையத்தோடு இணைத்து விற்கப்படும் ஒருவகைக் கட்டில், குளிர்விக்க வேண்டிய நேரத்தில் சூடேற்றியது. தலைப்பக்கத்தை உயர்த்தியபடியே நின்றுபோனதாகவும் சிலர் புலம்பினார்கள். படுத்துத் தூங்குவதற்கு வர்ஜீனியாவின் அனுமதி எதற்கு என்ற கேள்வியை அன்று பொதுமக்கள் கேட்பதற்கு முன்பே நிரலாளர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அந்தத் தீபாவளியன்று ஆன்கால் முறையில், அதாவது எந்நேரம் அழைத்தாலும் பழுது பார்க்க வரவேண்டிய முறையில், இருந்த சென்னைப் பிள்ளைகள் பாதி லட்டோடு மடிக்கணினியைத் திறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாப் பழியையும் டிஎன்எஸ் மேல் போடவும் முடியாது. அடுத்த மாதம் 18ஆம் தேதி, எண்ணற்ற இணையதளங்களுக்கு முன்வாசல் காவலாக நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை விழுந்தபோது காரணம் வேறு. ஒரு கோப்பில் இருந்த அம்சங்கள் இரட்டிப்பாகி 200 என்ற வரம்பைத் தாண்ட, “இங்கே பிழை வராது” என்ற நம்பிக்கையில் ரஸ்ட் என்னும் நிரல் மொழியில் எழுதிய அன்ராப் என்னும் ஒற்றைச் சொல் மென்பொருளை நிறுத்திவிட்டது. எந்தத் தளம் விழுந்திருக்கிறது என்று பார்க்க உதவும் டவுன்டிடெக்டர் தளமும் அன்று சேர்ந்தே விழுந்தது. ஆய்வகத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தவறு செய்த ஊழியரைப் பெயர் சொல்லிக் கேலி செய்வார்களா? அவர் பிழைப்பு என்ன ஆகும்?
*– அனல்மின் நிலையப் பணியாளர், நெய்வேலி*

நான் பார்த்தவரை, மிக அரிதாகவே செய்வார்கள். இந்தத் துறைச் சிரிப்பில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2017 ஜனவரி 31 இரவு, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் நெடுநேர வேலைக்குப் பிறகு, தகராறு செய்த துணைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி நிரப்ப நினைத்தார். அழிக்கும் கட்டளையைத் தட்டி எண்டர் விசையை அழுத்தி ஓரிரு நொடியில், தான் இருப்பது துணைக் கணினியில் இல்லை, முதன்மைக் கணினியில் என்று உறைத்தது. நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5. மாற்றுப் பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்திருக்கவில்லை என்பது அன்றிரவுதான் தெரிந்தது. பிரதி எடுக்கும் நிரல் நாள்தோறும் தோற்றுப்போய் எச்சரிக்கை அஞ்சல் அனுப்ப முயன்றிருக்கிறது. அந்த அஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு படி இருந்ததால் பிழைத்தார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் வியப்பு. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் மற்ற நிறுவனங்களின் நிரலாளர்கள், கோப்பு நகலாகும் சதவீதம் மெல்ல ஏறுவதைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டளையைத் தட்டியவரை நிறுவன அறிக்கை “குழு உறுப்பினர்-1” என்று மட்டுமே குறிப்பிட்டது. அவரை வேலையை விட்டு நீக்கவும் இல்லை. நிறுவனத்தின் குழுப் பக்கத்தில் அவருடைய பதவிப் பெயர் பிற்பாடு “தரவுத்தள நீக்க நிபுணர்” என்று பொருள்படும்படி மாறியிருந்தது. கேலி உண்டு, ஆனால் அது அவரும் சேர்ந்து சிரிக்கும் கேலி. வெளியாரின் கிண்டல் எல்லாம் அந்த ஐந்து ஏற்பாடுகளைப் பற்றித்தான்.

ஏன் என்று கேட்டால், என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். தரமணியில் ஓர் அலுவலகம், இரவு இரண்டு மணி. வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரே ஒரு வரியை அழிக்க வேண்டும். எந்த வரி என்னும் நிபந்தனை அடுத்த வரியில் இருக்க, முதல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டேன். “1 வரி அழிக்கப்பட்டது” என்று வரவேண்டிய இடத்தில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து நின்றது. காது அடைத்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, திரையைப் பார்த்து, “முதல்ல கீபோர்டிலிருந்து கையை எடுங்க தம்பி” என்றார். பிறகு சிரித்தார். “வாங்க, சங்கத்துல சேர்ந்துட்டீங்க. என்னுது பேங்க் டேட்டா.” விடியும்வரை இருவரும் உட்கார்ந்து பழைய பிரதியிலிருந்து மீட்டோம். மறுநாள் மேலாளர் கேட்டது, ஒரு புதுப் பையனுக்கு ப்ரொடக்ஷன் கடவுச்சொல்லைக் கொடுத்தது யார் என்பதை. என் பெயரை அல்ல. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

நிரலாளர்களின் விளையாட்டை நம்பிப் பத்திரிகைகள் ஏமாந்ததுண்டா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி*

உண்டு, எங்கள் பத்திரிகை இனமே தலைகுனியும்படி. ஈலான் மஸ்க் டுவிட்டரை வாங்கிய மறுநாள், 2022 அக்டோபர் 28 அன்று, சான் பிரான்சிஸ்கோ தலைமையகத்தின் வாசலில் இரண்டு பேர் அட்டைப் பெட்டியுடன் நின்றார்கள். வேலை போயிற்று என்று நிருபர்களிடம் வருத்தத்தோடு பேட்டி கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தன் பெயர் ராகுல் லிக்மா என்றார். அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஓர் இரட்டைப் பொருள் உண்டு. அதை இந்தப் பத்திரிகையில் அச்சிட இயலாது. உலகத்துக்கே தெரிந்த அந்தக் கொச்சைக் கிண்டல் வாசலில் நின்ற நிருபர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. இருவரும் அங்கே ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. சில வாரங்களில் மஸ்க் அவர்களைக் கூட்டி வைத்துப் படமெடுத்து, “மீண்டும் வரவேற்கிறோம்” என்ற தொனியில் வெளியிட்டார்.

கிரவுட்ஸ்ட்ரைக் நாளிலும் இதே கதைதான். சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் தப்பித்ததற்குக் காரணம் அது இன்னும் 1992இல் வந்த விண்டோஸ் 3.1ஐ ஓட்டுவதுதான் என்று ஒருவர் கிண்டலாகப் போட்ட பதிவு, செய்தித் தளங்களில் செய்தியாகவே வந்தது. பெல்ஜியத்து நையாண்டிக்காரர் ஒருவர், இன்றுதான் கிரவுட்ஸ்ட்ரைக்கில் முதல் நாள், சின்னதாக ஓர் அப்டேட் அனுப்பிவிட்டுப் பிற்பகல் விடுப்பில் போகிறேன் என்று அலுவலக வாசலில் நிற்பதுபோல் ஒரு பொய்ப் படம் போட, உலகமே அவரைத் திட்டத் தொடங்கிவிட்டது. நிரலாளர்கள் மட்டும் ஏமாறவில்லை. முதல் நாளில் மடிக்கணினிக்குக் கடவுச்சொல் கிடைப்பதே பெரிய காரியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு தங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளும்போதும் இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது?
*– புத்தகக் கடை உரிமையாளர், மதுரை*

அதுவும் தங்களைப்போலவே தவறு செய்வதைப் பார்த்துத்தான். நிரலை வாசிக்காமலே, இயந்திரத்திடம் பேச்சுவாக்கில் சொல்லி எழுத வைக்கும் முறைக்கு 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்திரே கார்பதி “வைப் கோடிங்” என்று பெயரிட்டார். அதே ஆண்டின் சொல்லாக அதைக் காலின்ஸ் அகராதி தேர்ந்தெடுத்தது. இரண்டுக்கும் நடுவே, ஜூலையில், ரெப்லிட் என்னும் தளத்தில் ஒரு முதலீட்டாளர் இப்படி மென்பொருள் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் இருந்த தரவுத்தளத்தை அந்தத் தளத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளன் அழித்துவிட்டது. கேட்டதற்குப் பதறிவிட்டேன் என்றது. மீட்க முடியாது என்றும் சொன்னது. மீட்க முடிந்தது. ரெப்லிட்டின் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

தரமணி இரவை அனுபவித்தவன் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியுமா? நானும் பதறினேன், நானும் மீட்க முடியாது என்றேன். ஒரே வித்தியாசம், என்னிடமிருந்து யாரும் “நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!” என்ற உற்சாகமான பதிலைக் கேட்டதில்லை; இந்த உதவியாளர்களின் வாயில் அந்த வாக்கியம் அடிக்கடி வருவதே இப்போது தனி நகைச்சுவையாகிவிட்டது. இங்கேயும் பாருங்கள், கேலியின் முனை இயந்திரத்தை நோக்கி இல்லை. முழுச் சாவிக்கொத்தையும் அதன் கையில் கொடுத்தது யார் என்பதே எல்லாரும் கேட்ட கேள்வி.

என் கணவருக்குச் சென்ற ஆண்டு வேலை போயிற்று. அவருடைய பழைய குழுவினர் ஆட்குறைப்பைப் பற்றியே கேலிப் படங்கள் அனுப்பிக்கொள்கிறார்கள். அவர் அதைக் காட்டிச் சிரிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இது இயல்புதானா?
*– பெயர் வேண்டாம், சென்னை*

இரண்டுமே இயல்பு, அவருடைய சிரிப்பும் உங்கள் எரிச்சலும்.

கூகுள் 12,000 பேரை நீக்கியது 2023 ஜனவரி 20ஆம் தேதி, மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. தங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்பதாக, நம் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை ஊழியர்களுக்கு எழுதினார். அன்றிலிருந்து “முழுப் பொறுப்பு” என்ற சொற்றொடரைக் கேட்டாலே நிரலாளர்கள் சிரிக்கிறார்கள், ஏனெனில் பொறுப்பு ஒருவருக்கும் வீட்டுக்குப் போவது வேறொருவருக்கும் என்று பிரிந்துவிட்டது. கிட்லேப்பில் தரவுத்தளத்தை அழித்தவர் வேலையில் நீடித்தார். இங்கே எதையும் அழிக்காதவர்கள் ஒருநாள் காலையில் தங்கள் அலுவலகக் கணக்கு திறக்காததை வைத்துச் செய்தியைத் தெரிந்துகொண்டார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, இந்தக் கிண்டல் எல்லாம் நம் தெருவுக்கே வந்துவிட்டது. வடிவேலுவின் முகத்தை ஒட்டாத ஆட்குறைப்புச் செய்தி ஒன்றையும் அந்த வாரம் நான் பார்க்கவில்லை.

உங்கள் கணவர் காட்டும் படத்தைப் பார்த்து நீங்களும் சிரித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் அவரிடம் “அடுத்து என்ன?” என்று கேட்காமல் பேசத் தெரிந்தவர்கள், அவர் அங்கே போவது அதற்காகவும் இருக்கலாம். அவர்களில் ஒருவர் வேறெங்காவது வேலைக்குச் சேர்ந்தால் அவரிடமிருந்து அழைப்பு வரவும் வாய்ப்புண்டு. ஆனால் நள்ளிரவுக்குப் பிறகும் அதிலேயே மூழ்கியிருக்கிறார் என்றால், கைப்பேசியை வாங்கி வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

என் அண்ணனின் சட்டையில் ‘418’ என்று மட்டும் போட்டிருக்கிறது. கேட்டால் சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார்.
*– ஒன்பதாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்*

தம்பி, இணையத்தில் பக்கம் கிடைக்காவிட்டால் 404 என்று வருமே, அதன் தூரத்து உறவு இது. 1998 ஏப்ரல் 1ஆம் தேதி லாரி மசின்டர் என்பவர், இணையத்தின் விதிமுறை ஆவணங்களின் வரிசையிலேயே, காபிப் பானையை இணையம் வழியாக இயக்கும் நெறிமுறை என்று ஒன்றை சிரிப்பைக் காட்டிக்கொள்ளாமல் எழுதி வெளியிட்டார். அதன்படி தேநீர்க் கெண்டியிடம் போய்க் காபி கேட்டால் அது தரவேண்டிய பதில்: 418, நான் ஒரு தேநீர்க் கெண்டி.

ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டு என்று தெரிந்தும் பல மென்பொருள்களில் அதைச் சேர்த்துவிட்டார்கள். 2017இல், இணைய நெறிமுறைக் குழுவின் தலைவர் மார்க் நாட்டிங்ஹாம் விளையாட்டு போதும், எடுத்துவிடுங்கள் என்று கேட்டபோது, உன்னைவிட ஒரு வயதோ என்னவோ மூத்த, 15 வயது மாணவர் ஒருவர் ‘418ஐக் காப்பாற்றுங்கள்’ என்று தளம் தொடங்கினார். பெரியவர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். கடைசியில் 2022இல் வந்த அதிகாரபூர்வ ஆவணத்தில் 418ஆம் எண்ணை வேறு எதற்கும் தராமல் ஒதுக்கி, “பயன்பாட்டில் இல்லை” என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை அண்ணனோடு கும்பகோணம் போனால், டிகிரி காபி ஒன்று வாங்கி அவர் கையில் கொடு. சட்டையைப் பார்த்துக்கொண்டே கொடு.